வெள்ளைப் பவுடரும் ஈரக் கையும்

போன மாதம் கெரம் நடுவர்களுக்கான ஒருநாள் பயிற்சிக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். ஓய்வு பெற்றவளை எதற்குக் கூப்பிடுவார்கள் என்று எனக்குத் தெரியும்; முன்வரிசையில் ஒரு கதிரையை நிரப்பத்தான். ஆனாலும் போனேன். இப்போது கெரம் போட்டுக்கு நேர்மேலே ஒரு கமராவைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். ஸ்ட்ரைக்கர் கோட்டைத் தொட்டதா, விரல் தவறான இடத்தில் பட்டதா என்று நடுவர் எட்டிப் பார்க்கத் தேவையில்லை. சந்தேகம் என்றால் திரையில் திருப்பிப் போட்டுப் பார்க்கலாம். எனக்குக் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது. இது என் காலத்தில் இருந்திருந்தால் என் கழுத்துவலி பாதியாவது குறைந்திருக்கும்.

தேநீர் இடைவேளையில் இளம் நடுவர்கள் இரண்டு பேர் என்னிடம் வந்தார்கள். ஒருத்தி கையில் விதிப் புத்தகம். ஆட்டம் தொடங்குமுன் விளையாடுகிற இருவரும் உள்ளங்கைகளை விரித்து நடுவருக்குக் காட்டுகிறார்களே, அது எத்தனையாவது விதி என்று கேட்டார்கள். புத்தகம் முழுக்கத் தேடியும் கிடைக்கவில்லையாம். கமராக்காரனோ கை காட்டும் இடத்திலிருந்துதான் பதிவைத் தொடங்க வேண்டுமென்று நினைத்துக்கொண்டிருக்கிறானாம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அது எந்த விதியிலும் இல்லை என்றேன். அப்படியென்றால் ஏன் எல்லாரும் செய்கிறார்கள் என்றார்கள். தேநீர் ஆறுவதற்குள் சொல்லி முடிக்கிற கதையல்ல, எழுதித் தருகிறேன் என்று தப்பித்து வந்தேன். அதுதான் இது.

யாழ்ப்பாணத்தில் எங்கள் பக்கம், மற்றவர் சங்கதியை அறியத் துடிப்பதை விடுப்பு என்பார்கள். நான் பிறவி விடுப்புக்காரி. யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை ஊரைவிட்டு வெளியேற்றிய தொண்ணூறில் எல்லாரோடும் சேர்ந்து புத்தளத்துக்கு வந்து முகாமில் கிடந்தபோது, அங்கே ஆண்கள் பழைய பலகையில் ஒரு கெரம் போட் செய்து விளையாடுவார்கள். பெண் பிள்ளைகளுக்கு இடமில்லை. நான் பின்னால் நின்று அவர்களுடைய விரல்களைப் பார்த்துக்கொண்டிருப்பேன். எந்தக் காயை அடிக்கப் போகிறார்கள் என்பது விரல் வளைகிற விதத்திலேயே தெரிந்துவிடும். யார் கள்ளம் விடப் போகிறார்கள் என்பதும் தெரிந்துவிடும். பிறகு புத்தளத்துத் தில்லையடியில் குடியேறி, உடற்கல்வி ஆசிரியையாகி, கொழும்பில் நடுவர் பரீட்சை எழுதி, முதல் தடவை கோட்டைவிட்டு, அடுத்த தடவை தேறினேன். பள்ளிக்கூடத்தில் நஸீமா டீச்சர், போட்டுக்குப் பக்கத்தில் நஸீமா மிஸ். இரண்டு வேலையும் ஒன்றுதான், பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில வருடங்களுக்கு முன்னர்தான் கரையோர லீக் தொடங்கியது. இறால் பண்ணைக்காரர், ஹோட்டல்காரர், தென்னந்தோட்ட முதலாளிமார் என்று ஆளுக்கொரு அணியை எடுத்துக்கொண்டார்கள். சிலாபத்திலிருந்து கற்பிட்டி வரை அணிகள் இருந்தன. ஒவ்வோர் அணியிலும் ஆண்கள், பெண்கள் இருபாலாரும் விளையாடினார்கள். ஒரு பருவம் முழுவதற்கும் சம்பளம். கெரம் விளையாடச் சம்பளம் தருகிறார்கள் என்று சொன்னபோது என் கணவர் நம்பவில்லை. அவர் இன்றைக்கும் முழுதாக நம்பவில்லை.

எங்கள் பிரதம நடுவர் அன்டன் சேர். சிலாபத்துக்காரர், வீட்டில் சிங்களம், வெளியில் எங்களை விட வேகமான தமிழ். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதேயில்லை. முறைப்பாடு என்று யாராவது வந்தால் முதலில் கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப் பையில் போடுவார். இனி யாரும் அவசரப்படத் தேவையில்லை என்பது அதன் பொருள். பிறகு ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்: கண்ணால் கண்டது என்ன? பதில் சொல்கிறவர் "நான் நினைக்கிறேன்" என்று தொடங்கினால் ஒரு விரலை உயர்த்துவார். உடனே நிறுத்திவிட வேண்டும். அந்த விரலுக்கு முதலாளிமாரே பயந்தார்கள்.

போட்டைத் தயார்செய்வதிலும் அவருக்கு ஒரு முறை இருந்தது. காய்ந்த பருத்தித் துணியால் மரத்தின் நார் ஓடும் பக்கமாகத் துடைக்க வேண்டும், குறுக்கே துடைக்கக் கூடாது. பவுடரை ஒரு சிட்டிகை தூவி, புறங்கையால் பரப்ப வேண்டும். உள்ளங்கை படக் கூடாது, வியர்க்கும். பிறகு ஸ்ட்ரைக்கரை எடுத்து நான்கு பக்கத்திலிருந்தும் ஓங்கி அடித்துப் பார்க்க வேண்டும். அது எதிர்ச் சட்டத்தில் முட்டித் திரும்பி, மறுபடி முட்டித் திரும்பி, இன்னொரு தடவையும் போய் முட்டினால்தான் போட் ஓடுகிறது என்று அர்த்தம். முதல் முட்டோடு சோர்ந்து நின்றால் ஈரம் ஏறியிருக்கிறது.

ஈரம்தான் எங்கள் கரையின் தீராத தொல்லை. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் கடல்நீர் புகுந்து தேங்கும் களப்பு. முன்பெல்லாம் போட்டுக்கு மேலே பழைய மஞ்சள் பல்ப் தாழ்வாகத் தொங்கும். வெளிச்சத்தோடு சூடும் இறங்கும், போட் காய்ந்தபடியே இருக்கும். புத்தளத்தில் நாங்கள் விளையாடிய மண்டபத்துக்கு அந்த வருடம் புதிய எல்ஈடி பல்ப் வந்தது. நல்ல வெளிச்சம், மின்சாரமும் மிச்சம், ஆனால் சூடு இல்லை. மழை தொடங்கியதும் போட்டுகள் எல்லாம் மந்தமாகிவிட்டன. மண்டபக் காவலாளி ஜவ்பர், எங்கள் எல்லாருக்கும் நானா, அதாவது அண்ணன், பொறுப்பைத் தன்னிடம் விடும்படி சொன்னார். அடுத்த வாரம் போட்டுகள் காலையில் பழையபடி ஓடின. என்ன செய்தீர்கள் நானா என்று கேட்டேன். சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

இனி றிஸ்னாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பள்ளிவாசல்துறைப் பெண். கணவன் கடலுக்குப் போகிறவன். மச்சான்மார் கடற்கரை மீன்வாடியில் விளையாடுவதைப் பார்த்துப் பழகி, கடைசியில் அவர்களையே தோற்கடித்துவிட்டு, கற்பிட்டி அணிக்கு வந்தவள். மாமியார் அரை மனதோடுதான் அனுப்பியிருந்தார். ஊர் வாயில் ஒரு சொல் விழுந்தாலும் வீட்டோடு நின்றுவிட வேண்டும் என்பது பேச்சு. பெண்களின் ஆட்டம் எப்போதும் லுஹர் என்கிற நண்பகல் தொழுகைக்குப் பிறகுதான் நடக்கும். அவள் தொழுகைக்காகக் கைகால் முகம் கழுவி வுளு செய்து, தொழுதுவிட்டு, நேரே வந்து போட்டுக்கு முன்னால் உட்காருவாள். முந்தானை ஓரம் நனைந்திருக்கும். இன்னொரு பழக்கமும் அவளுக்கு இருந்தது. ஓர் ஆட்டம் முடிந்ததும் எதிராளியின் பக்கத்துக் குழிகளில் கிடக்கும் காய்களையும் தானே எட்டி எடுத்து அடுக்குவாள். வீட்டில் எல்லாவற்றையும் அவளேதான் அடுக்க வேண்டியிருக்கும் போல.

பருவத்தின் கடைசி வாரங்களில் சிலாபம் அணியின் நில்மினியோடு அவளுக்கு அரையிறுதி. நில்மினி அமைதியான பெண், தமிழ் நாலு வார்த்தைதான் தெரியும். ஆட்டத்தின் நடுவில் அவள் அடித்த காய்கள் அவளுடைய சொந்தப் பக்கத்திலேயே சோர்ந்து நின்றன. வெளியே மழை இரைந்துகொண்டிருந்தது. நான் கையைத் தூக்கி ஆட்டத்தை நிறுத்தினேன். முந்திய வாரமும் றிஸ்னாவோடு விளையாடியவள் இதே குறையைத்தான் சொல்லியிருந்தாள். அதனால் சிலாபம் அணியின் முகாமையாளர் ரொஷான் சும்மா இருக்கவில்லை. றிஸ்னா ஈரக் கையோடு வந்து, காய் எடுக்கிற சாட்டில் எதிராளியின் பக்கத்தை நனைக்கிறாள் என்று முறைப்பாடு செய்தார். போட்டைக் கெடுத்தது நிரூபணமானால் அவளுக்கு லீக்கில் இனி இடமே இல்லை.

அன்டன் சேர் கடிகாரத்தைக் கழற்றினார்.

"தடவினத கண்டீங்களா?" என்று ரொஷானிடம் கேட்டார்.

"காய் எடுத்தத கண்டன், சேர். கை ஈரமா இருந்ததையும் கண்டன். ஒவ்வொரு நாளும் அவங்களுக்கு எதிர்ப்பக்கம்தான் மந்தமாகுது. நான் நினைக்கிறன்..."

விரல் உயர்ந்தது. ரொஷான் நிறுத்திக்கொண்டார்.

ஆனால் பின்வரிசையில் நிறுத்தவில்லை. தொழுதுவிட்டு வருவதும் குற்றமா என்று கற்பிட்டிப் பக்கம் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. சிலாபத்துக்காரர் சிலாபத்துக்குத்தானே தீர்ப்புச் சொல்வார் என்று ஒருவர் எல்லாருக்கும் கேட்கச் சொன்னார். ஒரு கெரம் போட்டிலிருந்து ஊர்ச் சண்டை எப்படிக் கிளம்பும் என்பது எங்களுக்கெல்லாம் தெரியும். அன்டன் சேர் எழுந்து நின்றார்.

"இங்க விசாரிக்கிறது போட்டை. மனுசர இல்ல," என்றார். முதலில் தமிழில், பிறகு சிங்களத்தில். உடனே வெள்ளைத் துணியால் போட்டை மூடச் சொன்னார்.

மூடுமுன் எனக்கு ஆவல் தாங்கவில்லை. மந்தமான பக்கத்தை ஒரு விரலால் இழுத்து நாக்கில் வைத்துப் பார்த்தேன். பவுடருக்கு உள்ளே உப்புக் கரித்தது. அன்டன் சேரும் விரலை வைத்து ருசி பார்த்தார். ரொஷானுக்கு எங்கள் இருவரையும் பார்க்க என்னவோ போல இருந்திருக்கும்.

"வியர்வையும் உப்புத்தானே, மிஸ்," என்றார் அன்டன் சேர்.

அதுவும் உண்மைதான். உப்பை வைத்து றிஸ்னாவை விடுவிக்கவும் முடியாது, பிடிக்கவும் முடியாது. ஆனால் எனக்கு வேறொன்று உறுத்தியது. எங்கள் போட்டுகளின் ஒரு சட்டத்தில் செய்தவரின் பெயர் பொறித்திருக்கும். அந்தப் பெயர்ப் பக்கத்தைச் சொந்த மைதான அணிக்குக் கொடுப்பது எங்கள் லீக்கில் ஒரு மரியாதை. புத்தளம் மண்டபம் கற்பிட்டி அணிக்குச் சொந்த மைதானம் என்பதால் றிஸ்னா எப்போதும் பெயர்ப் பக்கத்தில்தான் உட்கார்ந்தாள். அப்படியென்றால் மந்தமானது எதிராளியின் பக்கமா, பெயருக்கு எதிர்ப்பக்கமா? இரண்டும் ஒரே இடம்தான், ஆனால் இரண்டும் ஒரே காரணமல்ல. போட்டுகளை வைக்கும் அறையைப் பார்க்க வேண்டும் என்றேன்.

அன்டன் சேர், ரொஷான், கற்பிட்டி அணித் தலைவர், நான் என்று ஊர்வலமாகப் போனோம். ஜவ்பர் நானா பெருமையோடு கதவைத் திறந்துவிட்டார். போட்டுகள் பக்கவாட்டில் நிறுத்திச் சாத்தப்பட்டிருந்தன. பெயர் எழுத்துகள் தரையில் படக் கூடாதென்று எல்லாவற்றையும் பெயர்ப் பக்கம் மேலே இருக்கும்படி நிறுத்தியிருந்தார். ஒவ்வொரு இரண்டு போட்டுகளுக்கும் இடையில், அவற்றின் கீழ்ப் பாதியை அணைத்தபடி, ஒரு மூட்டை. மழை ஒழுகாத அந்த அறையில் மூட்டைகளுக்குக் கீழே மட்டும் தரை கறுத்து நனைந்திருந்தது. மூட்டைகளில் என்ன நானா என்றேன்.

"உப்பு, டீச்சர். உப்பு ஈரத்தக் குடிக்கும்தானே. மழைக்கு இதவிட வைத்தியம் இல்ல."

"குடிக்கும் நானா," என்றேன். "குடிச்சதக் கக்கவும் செய்யும்."

அவர் முகம் வாடியது. ஜவ்பர் நானா இளவயதெல்லாம் உப்பளத்தில் வேலை செய்தவர். அப்படிப்பட்டவருக்கா இது தெரியாமல் போயிற்று என்று எனக்கு வியப்பு. பிறகுதான் விளங்கியது. உப்பு விளைகிற காலம் வெயில் காலம். மழை இறங்கினால் பாத்தியில் வேலை இல்லை, அவர் வேறு தொழிலுக்குப் போய்விடுவார். அவர் வாழ்நாளில் பார்த்துப் பழகிய உப்பு முழுவதும் வெயிலில் கண்ட உப்பு. மழையில் உப்பு என்ன செய்யும் என்று பார்க்க அவர் அங்கே நின்றதேயில்லை. புத்தளத்தில் மட்டும்தான் ஒரு மனிதர் ஈரத்தைப் போக்க மூட்டை மூட்டையாக உப்பைக் கொண்டுவந்து அடுக்குவார். வேறு ஊரில் அவ்வளவு உப்புக்கு எங்கே போவது?

மூட்டையிலிருந்து கசிந்த உப்பு போட்டின் கீழ்ப் பாதியில் ஊறி, மழைக் காற்று பட்டதும் ஈரத்தை இழுக்கிறது; எனக்கு விடை கிடைத்துவிட்டது. அன்டன் சேருக்குக் கிடைக்கவில்லை. மூட்டையைக் கண்டோம், போட்டில் உப்பைக் கண்டோம், ஆனால் மூட்டை போட்டை மந்தமாக்கியதை இன்னும் யாரும் காணவில்லையே என்றார். எனக்குக் கோபம்கூட வந்தது. இப்போது நினைத்தால் அவர் செய்ததுதான் சரி. நாங்கள் அன்றே தீர்ப்புச் சொல்லியிருந்தால், டீச்சர் தன் ஆளைக் காப்பாற்றக் கதை கட்டினாள் என்று பாதி மண்டபம் நம்பியிருக்கும்.

மறுநாள் காலை, எல்லாருக்கும் முன்னால், இந்தப் பருவத்தில் யாருமே விளையாடாத மேலதிக போட் ஒன்றை அந்த அறையிலிருந்து தூக்கிவந்து மேசையில் வைத்தோம். வெளியே நல்ல வெயில். நான் துடைத்து, பவுடர் தூவினேன். அன்டன் சேர் நான்கு பக்கத்திலிருந்தும் ஸ்ட்ரைக்கரை அடித்தார். அவ்வளவு பெரிய நடுவர் இவ்வளவு மோசமாக அடிப்பார் என்று எனக்கு அன்றுதான் தெரியும். ஒரு தடவை ஸ்ட்ரைக்கர் துள்ளி நில்மினியின் மடியில் விழுந்தது. இருந்தாலும் நான்கு பக்கமும் ஒரே மாதிரி ஓடியது. பிறகு நாங்கள் எல்லாரும் அந்தப் போட்டைச் சுற்றி உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். யாரும் விளையாடாத ஒரு கெரம் போட்டை இரண்டு ஊர் ஆட்கள் அத்தனை நேரம் கண்கொட்டாமல் பார்த்தது அதுவே முதலும் கடைசியுமாக இருக்கும். றிஸ்னா தூரத்தில், சுவரோரக் கதிரையில், கைகளை முந்தானைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு இருந்தாள்.

பின்னேரம் களப்புப் பக்கமிருந்து கருமேகம் ஏறியது. ஜன்னல்களைத் திறந்துவிடச் சொன்னார் அன்டன் சேர். மழை பிடித்துக்கொண்டது. கொஞ்சம் பொறுத்து, ரொஷானிடம் ஸ்ட்ரைக்கரை நீட்டி, நீங்களே அடியுங்கள் என்றார். ரொஷான் நல்ல விளையாட்டுக்காரர். பெயர்ப் பக்கத்தில் உட்கார்ந்து ஓங்கி அடித்தார். ஸ்ட்ரைக்கர் எதிர்ப்பக்கக் கோட்டைத் தாண்டியதும் சேற்றில் கால் வைத்ததுபோல இழுபட்டு நின்றது. அவர் மறுபடி அடித்தார். போட்டைத் திருப்பி வைத்து அடித்தார். எங்கே இருந்து அடித்தாலும் அது பெயருக்கு எதிர்ப்பக்கத்தில்தான் சோர்ந்தது. ரொஷான் நேர்மையான மனிதர். ஸ்ட்ரைக்கரைக் கீழே வைத்துவிட்டு, "போட்தான், சேர்," என்றார். முறைப்பாட்டை அங்கேயே திரும்பப் பெற்றார். அன்டன் சேர் கடிகாரத்தை எடுத்துக் கட்டிக்கொண்டார். சிலாபத்திலிருந்து வேறு போட் கொண்டுவந்து, மறுநாள் ஆட்டத்தை முதலிலிருந்து நடத்துவதென்று முடிவானது.

எனக்கு உள்ளுக்குள் கொண்டாட்டம். மறுநாள் லுஹருக்குப் பிறகு றிஸ்னாவைத் தேடிக்கொண்டு மண்டபத்தின் பின்புறக் குழாயடிக்குப் போனேன். தொழுகையை முடித்தவள் அங்கே நின்றாள். எல்லாம் நல்லபடியாக முடிந்தது, இனி நிம்மதியாக விளையாடு என்றேன். அவள் குழாயைத் திறந்து கைகளை மணிக்கட்டு வரை இன்னொரு தடவை கழுவினாள். அதற்குத் தேவையே இருக்கவில்லை.

"முறைப்பாட்ட திரும்ப எடுத்துட்டாங்க, மிஸ்," என்றாள். "சொன்ன சொல்ல யாரு திரும்ப எடுக்குற? மாமி நேத்து என்ட கையத்தான் பாத்துட்டு இருந்தா."

போட் ஏன் மந்தமானது என்று அறிந்துகொண்டதில் நான் எவ்வளவு மகிழ்ந்திருந்தேனோ, அவ்வளவும் அந்தக் குழாயடியில் இறங்கிவிட்டது. நான் தேடியது போட்டின் காரணத்தை. அவள் மீது விழுந்த சொல் போட்டில் விழவில்லையே.

ஆட்டம் தொடங்கும் நேரம் வந்தது. இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். நான் பவுடர் தூவி, காய்களை அடுக்கி, தொடங்கலாம் என்று சொல்ல வாயெடுத்தேன். றிஸ்னா ஸ்ட்ரைக்கரைத் தொடவில்லை. இரண்டு கைகளையும் போட்டுக்கு மேலே நீட்டி, உள்ளங்கைகளை விரித்து, என்னை நேரே பார்த்தாள். அவை இன்னும் ஈரமாகவே இருந்தன. அவள் துடைத்துக்கொள்ளவில்லை. வேண்டுமென்றே துடைக்கவில்லை என்பது எனக்கு விளங்கியது.

"பாத்துக்கோங்க, மிஸ்," என்றாள்.

நான் கேட்காத கைகள். ரொஷான் தலையைக் குனிந்துகொண்டார். என்ன செய்வதென்று தெரியாமல் அன்டன் சேரைத் திரும்பிப் பார்த்தேன். அவருக்கும் தெரியவில்லை. அவருடைய விரல் உயரவில்லை.

அப்போது நில்மினி தன் மடியிலிருந்த துவாயை எடுத்தாள். கையைத் துடைக்கத்தான் எடுக்கிறாள் என்று நினைத்தேன். அவள் அதை மேசைக்குக் கீழே போட்டுவிட்டு, பக்கத்திலிருந்த தண்ணீர்ப் போத்தலைத் திறந்து, தன் இரண்டு கைகளிலும் ஊற்றித் தேய்த்தாள். பிறகு அந்த ஈரக் கைகளை றிஸ்னாவின் கைகளுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து, அதேமாதிரி விரித்து, என்னைப் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்த நாலு தமிழ் வார்த்தையில் ஒன்றும் அப்போது தேவைப்படவில்லை.

நான் நான்கு கைகளையும் பார்த்தேன். ஒப்புக்கு எட்டிப் பார்க்கவில்லை, நன்றாகவே பார்த்தேன். நான்கிலிருந்தும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது, புதுப் பவுடரின் மேல். சரி என்றேன். போட்டைத் துடைத்து மறுபடி பவுடர் போட வேண்டியிருந்தது.